சுயக்கட்டுப்பாடு, சலிப்பு, முயற்சி: விளையாட்டு உளவியல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுந்தூர ஓட்டம், நீச்சல், மிதிவண்டி, துப்பாக்கி சுடுதல் என நீண்ட பயிற்சியைக் கோரும் விளையாட்டுகளில் இருப்போரும், அவர்களுடைய பயிற்சியாளர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. "உனக்கு மன உறுதி போதவில்லை" என்ற ஒற்றைத் தீர்ப்பு இளம் வீரர்கள் மீது மிக எளிதாகச் சுமத்தப்படுகிறது. கடந்த கால் நூற்றாண்டு ஆய்வுகளைப் பார்த்தால், அந்தத் தீர்ப்புக்குக் கீழே வேறொரு காரணம் பல வேளைகளில் கவனிக்கப்படாமல் கிடக்கிறது: அது சலிப்பு.

விளையாட்டில் சுயக்கட்டுப்பாடு என்று எதைச் சொல்கிறோம்?

அந்தக் கணத்தில் செய்யத் தோன்றுவதை அடக்கி, முன்பே வகுத்துக்கொண்ட இலக்குக்கு ஏற்றதைச் செய்வதைச் சொல்கிறோம். மாரத்தானின் 35ஆவது கிலோமீட்டரில் கால்கள் கெஞ்சும்போதும் தொடர்ந்து ஓடுவது அதன் வெளிப்படையான வடிவம். அதே மாரத்தானின் முதல் ஐந்து கிலோமீட்டரில், உடலில் தெம்பு நிறைந்திருக்கும் நேரத்தில், பக்கத்தில் ஓடுபவர் வேகமெடுத்தாலும் தன் வேகத்தை மாற்றாமல் இருப்பதும் சுயக்கட்டுப்பாடுதான். முதலாவதைப் போற்றும் நாம் இரண்டாவதை அதிகம் பேசுவதில்லை. ஆனால் தொடக்கத்தில் அடக்க முடியாமல் ஓடியவர்தான் முடிவில் நடக்க வேண்டியதாகிறது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொடாமல் விடும் மட்டையாளரும், குறி ஆடுவதை உணர்ந்து விசையை அழுத்தாமல் துப்பாக்கியைத் தாழ்த்தும் வீராங்கனையும் செய்வது இதே வேலைதான்.

மன உறுதி என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் ஒன்றா?

அப்படித்தான் பல ஆண்டுகள் நம்பப்பட்டது. 1998இல் அமெரிக்க உளவியலாளர் ராய் பௌமைஸ்டரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், பசியோடு வந்தவர்கள் முன்னால் சாக்லேட் பிஸ்கட்டும் முள்ளங்கியும் வைக்கப்பட்டன. ஒரு பிரிவினர் பிஸ்கட்டைச் சாப்பிடலாம். இன்னொரு பிரிவினர் பிஸ்கட்டின் மணத்தை நுகர்ந்துகொண்டே முள்ளங்கியை மட்டும் சாப்பிட வேண்டும். பிறகு இரு பிரிவினருக்கும் தீர்வே இல்லாத புதிர்கள் தரப்பட்டன. பிஸ்கட் சாப்பிட்டவர்கள் ஏறத்தாழ 19 நிமிடம் முயன்றார்கள். முள்ளங்கிக்காரர்கள் சுமார் 8 நிமிடத்தில் கைவிட்டார்கள். சுயக்கட்டுப்பாடு தசையைப் போன்றது, ஓரிடத்தில் செலவழித்தால் அடுத்த இடத்தில் குறைந்துவிடும் என்ற கோட்பாடு இதிலிருந்து வளர்ந்தது. 2010இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அதுவரை நடந்த ஏறத்தாழ 200 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, விளைவு உறுதியானது என்றே சொன்னது. விளையாட்டு உளவியலும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது.

பின்னர் அடித்தளம் ஆட்டம் கண்டது. எதிர்பார்த்த முடிவைத் தராத ஆய்வுகள் பெரும்பாலும் இதழ்களில் வெளிவராமலே போயிருக்கக் கூடும் என்று சிலர் சுட்டிக்காட்டினார்கள். 2016இல் 23 ஆய்வகங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்களோடு, முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட ஒரே செய்முறையைப் பின்பற்றிச் சோதித்தபோது விளைவு ஏறக்குறைய சுழியமாக இருந்தது. அந்தச் செய்முறை பொருத்தமானதன்று என்று கோட்பாட்டின் ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். அதன்பின், அந்தக் கோட்பாட்டை வளர்த்தவர்களில் ஒருவரான கேத்லீன் வோஸ் தலைமையில் 36 ஆய்வகங்கள் 3,500க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டன. அதிலும் விளைவு மிக மிகச் சிறியதாகவே இருந்தது. எனவே "காலையில் தேர்வு எழுதியதில் மன உறுதி தீர்ந்துவிட்டது, மாலையில் ஓட முடியாது" என்று ஒரு கொள்கலனின் கணக்கில் பேசுவதற்கு இன்று வலுவான ஆதாரம் இல்லை.

அப்படியென்றால் மனக் களைப்பு என்பது வெறும் கற்பனையா?

இல்லை. கோட்பாடு ஆட்டம் கண்டது வேறு. நீண்ட நேர மூளை உழைப்புக்குப் பிறகு உடலுழைப்பு கடினமாகத் தோன்றுகிறது என்ற அனுபவம் வேறு. இந்த இரண்டாவதில் விளையாட்டு அறிவியலுக்கு நல்ல ஆய்வுகள் உண்டு.

2009இல் விளையாட்டு அறிவியல் ஆய்வாளர் சாமுவேல் மார்கோராவும் வேறு இருவரும் சேர்ந்து நடத்திய ஆய்வில் 16 பேர் பங்கேற்றார்கள். ஒரு நாள் அவர்கள் 90 நிமிடம் கணினித் திரையில் வரும் எழுத்துகளைக் கூர்ந்து கவனித்துப் பொத்தானை அழுத்தும் பணியைச் செய்தார்கள். இன்னொரு நாள் அதே 90 நிமிடம் ரயிலையும் காரையும் பற்றிய ஆவணப்படங்களைப் பார்த்தார்கள். இரு நாட்களிலும் அதன்பின், தங்கள் உச்ச ஆற்றலில் 80 சதவீதத்தில், முடியாமல் போகும் வரை நிலைமிதிவண்டியை மிதித்தார்கள். ஆவணப்படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடியும், எழுத்துப் பணி செய்த நாளில் 640 விநாடியும் தாங்கினார்கள். இதயத் துடிப்பிலும், கடும் உழைப்பில் இரத்தத்தில் கூடும் லாக்டேட் என்ற பொருளின் அளவிலும் இந்தச் சரிவை விளக்கும் மாற்றம் எதுவும் தென்படவில்லை. மாறியது ஒன்றுதான்: மனம் களைத்த நாளில், அதே மிதிப்பு தொடக்கத்திலிருந்தே கூடுதல் கடினமாகத் தோன்றியது. அந்தச் சிரம உணர்வு தாங்கும் எல்லையை முன்னதாகவே எட்டிவிட்டது.

2014இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், 'சிவப்பு' என்ற சொல் நீல நிறத்தில் எழுதப்பட்டிருந்தால் சொல்லைப் படிக்காமல் நிறத்தைச் சொல்ல வேண்டிய ஸ்ட்ரூப் சோதனையை 30 நிமிடம் செய்தவர்கள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்தங்கினார்கள். இவை சிறிய ஆய்வுகள் என்பதை மறக்கக் கூடாது. விளைவைக் காட்டும் ஆய்வுகளே அதிகம் வெளிவரும் வெளியீட்டுச் சாய்வு இத்துறையிலும் இருக்கிறது, உண்மையான விளைவு இதழ்களில் காணப்படுவதைவிடச் சிறியதாக இருக்கலாம் என்று பின்னர் மறு ஆய்வு செய்தவர்கள் எச்சரிக்கிறார்கள்.

"இனி முடியாது" என்று நிற்கும்போது உடலில் உண்மையிலேயே சக்தி தீர்ந்துவிட்டதா?

இதற்கு மார்கோராவும் ஸ்டாயானோவும் 2010இல் வெளியிட்ட சோதனை நினைவில் வைக்கத் தக்கது. ரக்பி வீரர்கள் பத்துப் பேர் 242 வாட் ஆற்றலில் முடியாமல் போகும் வரை மிதிவண்டியை மிதித்தார்கள். முடியாது என்று நிறுத்திய உடனேயே, ஐந்து விநாடி மட்டும் முழு வலிமையோடு மிதிக்கச் சொன்னபோது அவர்கள் சராசரியாக 731 வாட் தந்தார்கள். சற்றுமுன் தர இயலாது என்று கைவிட்டதைப் போல மூன்று மடங்கு அது.

இதை வைத்து "எல்லாம் மனசுதான், உடலுக்கு எல்லையே இல்லை" என்று பேசுவது பிழை. களைக்கும் முன் அதே வீரர்கள் தந்த உச்சத்தோடு ஒப்பிட்டால் அந்த 731 வாட் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. தசைகள் உண்மையாகவே களைத்திருந்தன. ஐந்து விநாடி உந்துதலும் பத்து நிமிட உழைப்பும் உடலின் வெவ்வேறு ஆற்றல் வழிகளைச் சார்ந்தவை என்ற உடலியலாளர்களின் மறுப்பும் நியாயமானது. ஆயினும் ஒன்று தெளிவாகிறது. நிறுத்துவது என்பது பெரும்பாலும் ஒரு முடிவு. இன்னும் எவ்வளவு சிரமம் படத் தயார், அந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டா என்ற கணக்கிலிருந்து அந்த முடிவு பிறக்கிறது. வெப்பத்தால் தலைசுற்றும் வீரரையோ நெஞ்சு வலிக்கிறது என்று சொல்பவரையோ இந்த ஆய்வைக் காட்டி ஓட வைப்பவர் குற்றம் செய்கிறார்.

சிரம உணர்வை அளக்க முடியுமா?

முடியும். சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கிய அளவுகோல் 6 முதல் 20 வரை செல்கிறது. ஆரோக்கியமான இளைஞரின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 முதல் 200 வரை இருப்பதால், எண்ணைப் பத்தால் பெருக்கினால் துடிப்புக்கு அருகில் வரும்படி அது அமைக்கப்பட்டது. செலவில்லாத, நம்பகமான கருவி. வீரர்களுடைய பயிற்சிக் குறிப்பேட்டில் தூரத்துக்கும் நேரத்துக்கும் பக்கத்தில் இந்த எண்ணும் இருக்க வேண்டும்.

இதில் சலிப்பு எங்கே வருகிறது?

மேலே சொன்ன ஆய்வுகளில் மூளையைக் களைக்க வைப்பதற்காகக் கொடுத்த பணிகளை மீண்டும் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் திரையில் எழுத்துகள். அரை மணி நேரம் நிறப் பெயர்கள். இவை கடினமானவை மட்டுமல்ல, தாங்க முடியாத அளவுக்குச் சலிப்பூட்டுபவையும்கூட. அப்படியானால் பிறகு வந்த சரிவுக்குக் காரணம் செலவான சுயக்கட்டுப்பாடா, சேர்ந்துவிட்ட சலிப்பா? ஜெர்மனியின் கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வான்யா வோல்ஃபும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கொரின்னா மார்தரெல்லியும் 2020இல் இந்தக் கேள்வியை நேராக எழுப்பினார்கள். அத்துறையில் அது கேட்கப்பட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி என்றே நினைக்கிறேன்.

அவர்களுடைய வாதத்தின்படி, சலிப்பு ஒரு குறைபாடு அல்ல, ஒரு சமிக்ஞை. முயற்சியின் சிரமம் "இதற்கு நீ அதிக விலை கொடுக்கிறாய்" என்று சொல்கிறது. சலிப்பு "இதிலிருந்து உனக்குக் கிடைப்பது குறைவு, வேறிடத்தில் அதிகம் கிடைக்கலாம்" என்று சொல்கிறது. இரண்டும் ஒரே திசையில், கையில் இருப்பதை விட்டுவிடு என்றே தள்ளுகின்றன. சலிப்பை மீறி ஒரு வேலையில் நீடிப்பதற்கே சுயக்கட்டுப்பாடு தேவைப்படுகிறது. ஆகவே, எளிதான பயிற்சி என்று நாம் நினைக்கும் மெதுவோட்டம்கூட, அது சலிப்பூட்டுமானால், வீரரிடம் பெரிய விலை கேட்கிறது. குறிப்பேட்டில் எட்டு கிலோமீட்டர் என்று மட்டுமே பதிவாகும் ஓட்டத்தில் அந்த விலை எங்கும் பதிவாவதில்லை.

சலிப்பு மனிதரை எவ்வளவு தூரம் தள்ளும் என்பதற்கு 2014இல் 'சயின்ஸ்' இதழில் திமத்தி வில்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒரு சான்று. வெறும் அறையில் 15 நிமிடம் தனியாக, சிந்தனையைத் தவிர வேறு வேலை இல்லாமல் இருக்கச் சொன்னார்கள். அறையில் இருந்தது, மெல்லிய மின்னதிர்ச்சி தரும் பொத்தான் ஒன்று மட்டும். அந்த அதிர்ச்சியைத் தவிர்க்கப் பணம் தரவும் தயார் என்று முன்னர் சொன்னவர்களிலேயே, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் ஒரு முறையாவது பொத்தானை அழுத்திக்கொண்டார்கள்.

சலிப்பு அதிகமாகத் தாக்கும் விளையாட்டுகள் எவை?

ஒரே அசைவு, ஒரே காட்சி, நீண்ட நேரம்: இம்மூன்றும் சேரும் இடமெல்லாம். 1500 மீட்டர் நீச்சலில் 50 மீட்டர் குளத்தை 30 முறை கடக்க வேண்டும். பயிற்சியில் அதைப் போலப் பல மடங்கு தூரத்தைத் தரையில் ஓடும் கறுப்புக் கோட்டைப் பார்த்தபடியே நீந்துகிறார்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் 75 நிமிடத்துக்குள் 60 குண்டுகள். நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அங்கே உடல் அசையவே கூடாது, கவனமும் தளரக் கூடாது. டெஸ்ட் கிரிக்கெட்டில் ராகுல் திராவிட் தம் வாழ்நாளில் 31,258 பந்துகளைச் சந்தித்தார்; சேதேஷ்வர் புஜாரா 2017இல் ராஞ்சியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 202 ஓட்டங்கள் எடுக்க 525 பந்துகள் ஆடினார். ஓட்டம் எடுக்கும் ஆசையை அடக்குவதோடு, பதினொரு மணி நேரத்துக்கும் மேலாக, ஒவ்வொரு பந்தையும் முதல் பந்தைப் போலப் பார்க்கும் வேலையும் அதில் அடங்கியிருக்கிறது.

சலிப்பின் உச்ச எல்லை என்று சொல்லத் தக்கது நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் 1997 முதல் நடைபெறும் 3,100 மைல் ஓட்டம். ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள, ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான நடைபாதையை 5,649 முறை சுற்ற வேண்டும். காலை 6 மணி முதல் நள்ளிரவு வரை ஓடலாம்; 52 நாட்களுக்குள் முடிக்க, நாளொன்றுக்குச் சராசரியாக 96 கிலோமீட்டர் ஓட வேண்டும். 2015இல் பின்லாந்தின் ஆஷ்பிரிஹானல் ஆல்ட்டோ இதை 40 நாள் 9 மணி நேரத்தில் முடித்தார். ஓடும் திசையை நாள்தோறும் மாற்றுகிறார்கள். இத்தனை ஆயிரம் சுற்றுகளுக்கு நடுவில் அந்தச் சிறு மாற்றமும் மனத்துக்கு ஒரு தெம்புதான்.

சிறந்த வீரர்களுக்குச் சலிப்பும் மனக் களைப்பும் வராதா?

குறைவாகத் தாக்குகின்றன என்பதற்குச் சான்று உண்டு. 2016இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், தொழில்முறை மிதிவண்டி வீரர்களும் பொழுதுபோக்காக ஓட்டுபவர்களும் 30 நிமிடம் ஸ்ட்ரூப் சோதனை செய்துவிட்டு 20 நிமிடத்தில் இயன்ற அளவு வேகமாக ஓட்டும் நேரச் சோதனையில் ஓட்டினார்கள். பொழுதுபோக்காளர்களின் திறன் குறைந்தது. தொழில்முறையினரின் திறன் குறையவில்லை. ஸ்ட்ரூப் சோதனையிலும் தொழில்முறையினரே மேலாக இருந்தார்கள். ஆண்டுக்கணக்கான பயிற்சி அவர்களை அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்டவர்கள்தான் அந்த நிலைக்கு வந்து சேர்கிறார்களா என்பதை அந்த ஆய்வைக் கொண்டு மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது.

விளையாட்டுக்கு வெளியே செய்யப்பட்ட ஆய்வுகளும் ஒரு செய்தியைத் தருகின்றன. சுயக்கட்டுப்பாடு மிக்கவர்கள் என்று கணிக்கப்படுவோர் ஆசைகளோடு ஓயாமல் மல்லுக்கட்டுவதில்லை. அவர்களுக்கு அத்தகைய போராட்டம் வருவதே குறைவு. அதிகாலை ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போவது அவர்களுக்குப் பழக்கமாகிவிடுகிறது; ஒவ்வொரு காலையும் அதைப் பற்றி மனத்துக்குள் வாதாட வேண்டியதில்லை.

பாட்டுக் கேட்டுக்கொண்டு பயிற்சி செய்யலாமா?

செய்யலாம். லண்டனின் புரூனல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் கராஜார்கிஸ் நெடுங்காலம் ஆராய்ந்தது இதைத்தான்: மிதமான வேகத்தில் இசை சிரம உணர்வைக் குறைக்கிறது, பயிற்சியை இனிமையாக்குகிறது, வேகம் கடுமையாகும்போது உடலின் கூச்சலே கவனத்தைப் பிடித்துக்கொள்வதால் சிரமத்தைக் குறைக்கும் பயன் தேய்ந்துவிடுகிறது. ஆனால் தடகளப் போட்டிகளில் பாட்டுக் கேட்கும் கருவிக்கு அனுமதி இல்லை. ஆகவே வாரத்தில் சில ஓட்டங்களாவது காதில் எதுவும் இல்லாமல் அமைய வேண்டும். மேல்நிலை மாரத்தான் ஓட்டக்காரர்கள் கவனத்தை வெளியே திருப்பாமல் தங்கள் மூச்சையும் தசைகளையும் கண்காணித்தபடி ஓடுகிறார்கள் என்று மார்கனும் பொல்லாக்கும் 1977இலேயே எழுதினார்கள். அந்தக் கவனிப்பு மௌனத்தில்தான் பழகும்.

போட்டிக்கு முன் கைபேசி பார்ப்பது வேறு விஷயம். பிரேசில் கால்பந்து வீரர்களிடம் நடந்த ஆய்வுகளில், ஆட்டத்துக்கு முன் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கைபேசிச் செயலிகளில் மூழ்கியவர்களுடைய பந்து கடத்தும் முடிவுகள் மோசமடைந்தன. உடை மாற்றும் அறையில் கைபேசியை வாங்கி வைத்துக்கொள்ளும் பயிற்சியாளரைப் பழைமைவாதி என்று சொல்ல முடியாது.

இனிப்புப் பானம் மன உறுதியைக் கூட்டுமா?

சர்க்கரைதான் மன உறுதியின் எரிபொருள் என்ற கருத்து ஒரு காலத்தில் பரவியிருந்தது, அது நிலைக்கவில்லை. ஆனால் 2004இல் கார்ட்டர், யூகென்ட்ரூப், ஜோன்ஸ் மூவரும் காட்டியது சுவையான செய்தி: மாவுச்சத்துக் கரைசலை விழுங்காமல் வாய் கொப்பளித்துத் துப்பியே, ஒரு மணி நேர அளவிலான மிதிவண்டிச் சோதனையில் ஏறக்குறைய 3 சதவீத முன்னேற்றம் கிடைத்தது. வயிற்றுக்குள் ஒரு துளியும் போகவில்லை. வாயிலுள்ள உணர்விகள் மூளைக்கு அனுப்பிய செய்தியே போதுமானதாக இருந்தது என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

பயிற்சியாளர் நடைமுறையில் என்ன செய்யலாம்?

முதலில், களைப்பையும் சலிப்பையும் பிரித்துக் கேட்க வேண்டும். "எவ்வளவு கடினமாக இருந்தது?" என்பது ஒரு கேள்வி, "எவ்வளவு சலிப்பாக இருந்தது?" என்பது வேறு கேள்வி. வழியையோ கூட்டாளியையோ மாற்றினால் வேகம் திரும்பி வருமானால் அது சலிப்பு. எதை மாற்றினாலும், இரண்டு நாள் கழித்தும் கால் கனமாகவே இருந்தால் அது களைப்பு. அதற்கு மருந்து ஓய்வு. சலித்தவருக்கு ஓய்வும் களைத்தவருக்குத் திட்டும் கிடைப்பது நம் மைதானங்களில் அன்றாடம் நடக்கிறது.

அடுத்தது, தன்னோடு பேசும் பேச்சு. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 24 பேரில் பாதிப் பேருக்கு, மிதிவண்டி மிதிக்கும்போது தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ள ஊக்க வாசகங்களைத் தேர்ந்தெடுத்துப் பழக இரண்டு வாரம் தரப்பட்டது. அவர்கள் தாங்கும் நேரம் 637 விநாடியிலிருந்து ஏறத்தாழ 750 விநாடியாக உயர்ந்தது. மற்றவர்களிடம் மாற்றம் இல்லை. வாசகத்தை வீரரே, தன் பேச்சுமொழியில் தேர்ந்தெடுக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம்தான், விடாதே" என்பது கரும்பலகையில் எழுதிய எந்தப் பொன்மொழியையும்விடப் பயன் தரும்.

சுற்று ஓட்டத்தைத் தண்டனையாகத் தருவதை நிறுத்த வேண்டும் என்பதையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். "தாமதமாக வந்தாய், பத்துச் சுற்று ஓடு" என்று சொல்லும்போது, ஓட்டம் என்பதே அனுபவித்துத் தீர்க்க வேண்டிய துன்பம் என்று ஒரு சிறுமியின் மனத்தில் பதிகிறது. அவளிடமே மறுநாள் ஓட்டத்தை நேசிக்கச் சொல்கிறோம்.

என் மகன் 'போர் அடிக்குது' என்று பயிற்சிக்கு வர மறுக்கிறான். கட்டாயப்படுத்தலாமா?

என்ன சலிக்கிறது என்று முதலில் கேளுங்கள். விளையாட்டே சலிக்கிறதா, அந்த ஒரு பயிற்சி மட்டும் சலிக்கிறதா, தனக்கு மிக எளிதாகிவிட்டதா, எட்ட முடியாத அளவுக்குக் கடினமாகிவிட்டதா? திறமைக்குக் கீழான வேலையும் சலிக்கும், திறமைக்கு மிஞ்சிய வேலையும் சலிக்கும். முன்னதற்கு இலக்கை உயர்த்த வேண்டும், பின்னதற்குத் தாழ்த்த வேண்டும். ஏன் செய்கிறோம் என்று தெரியாத பயிற்சியும் விரைவில் சலித்துவிடும் என்பதால், 400 மீட்டரை எட்டு முறை ஓடச் சொல்வதன் நோக்கத்தை அவனுக்குப் புரியும்படி விளக்கச் சொல்லிப் பயிற்சியாளரிடம் கேட்பது பெற்றோரின் உரிமை. இவற்றையெல்லாம் செய்து பார்த்த பிறகும் ஒரு பருவம் முழுவதும் அவன் முகம் மலராவிட்டால், வேறு விளையாட்டைப் பார்க்க விடுங்கள். பதினொரு வயதில் நீச்சலை விட்டுவிட்டுக் கைப்பந்துக்குப் போகிற பிள்ளை எதையும் இழப்பதில்லை.